போனிலிருந்து கணக்கை எடுத்தால் படங்கள் போய்விடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து வருடமாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனை விற்கப்போகிறேன். கூகுள் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டால் மெயில், போட்டோ, நம்பர் எல்லாம் அழிந்துவிடுமா? கணக்கை எடுக்காமல் ரீசெட் மட்டும் செய்தால் போதாதா?

முதல் கேள்விக்குப் பதில்: அழியாது. இரண்டாவதற்கு: போதாது. இரண்டையும் கொஞ்சம் விளக்க வேண்டும்.

'ரிமூவ் அக்கவுன்ட்' வேறு, 'டெலிட் அக்கவுன்ட்' வேறு. முதலாவது, இந்த ஒரு போனுக்கும் உங்கள் கணக்குக்கும் உள்ள தொடர்பை மட்டும் துண்டிக்கிறது. போனில் இறங்கியிருந்த மெயில், தொடர்பு எண்கள், காலண்டர் ஆகியவற்றின் நகல் போய்விடும். கூகுளின் சர்வரில் (இணையத்தில் உள்ள அதன் கணினியில்) இருப்பது அப்படியே இருக்கும். புதுப் போனில் அதே கணக்கைச் சேர்த்தால் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, கணக்கையே ஒழிப்பது. அது தவறிக் கைபட்டு நடக்கக்கூடியதல்ல. கணக்கு நிர்வாகப் பக்கத்துக்குள் போய், பாஸ்வேர்டு கொடுத்து, பல முறை உறுதி சொன்னால்தான் நடக்கும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, சர்வருக்குப் போய்ச் சேராமல் போனிலேயே தங்கிவிட்டவற்றைப் பற்றித்தான். எனவே கணக்கில் கை வைப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

தொடர்பு எண்கள்: ஒரு எண்ணைச் சேமிக்கும்போது 'போன்', 'சிம்', 'கூகுள்' என்று எங்கே வைப்பது எனப் போன் கேட்டிருக்கும்; பலரும் பார்க்காமலே ஒன்றைத் தொட்டிருப்போம். போனில் சேமித்தவை கூகுளுக்குப் போகாது. காண்டாக்ட்ஸ் செயலியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் எல்லா எண்களும் 'விசிஎஃப்' என்ற ஒரே கோப்பாக வரும். அதை உங்களுக்கே மெயிலில் அனுப்பி, வேறொரு கருவியில் திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காத கோப்பை நகல் என்று நம்பக் கூடாது.

படங்கள்: கூகுள் போட்டோஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் நிலை தெரியும். 'முடிந்தது' என்று காட்ட வேண்டும்; 'இடம் இல்லை' என்று நின்றிருந்தால், அந்தத் தேதிக்குப் பின் எடுத்தவை போனில் மட்டுமே இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மெயிலும் டிரைவும் படங்களும் பங்கு போட்டுக்கொள்வதால் பல போன்களில் பேக்கப் எப்போதோ சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை பேக்கப் பட்டியலில் தனியாகச் சேர்த்தால்தான் அது மேலே போகும் என்பதையும் கவனியுங்கள்.

சிங்க் (போனில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒன்றாக்குவது): செட்டிங்ஸில் கணக்கின் பெயரைத் தொட்டு, 'அக்கவுன்ட் சிங்க்' உள்ளே சென்று, மூன்று புள்ளியில் 'சிங்க் நவ்' கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்றைய நேரம் வர வேண்டும். பழைய தேதியோடு ஒரு வரி நின்றால், அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

இனி எடுக்கும் வழி. செட்டிங்ஸில் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்'; சாம்சங் போன்களில் 'அக்கவுன்ட்ஸ் அண்ட் பேக்கப்', அதற்குள் 'மேனேஜ் அக்கவுன்ட்ஸ்'. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'அக்கவுன்ட்' என்று அடித்தாலே வந்துவிடும். கூகுள் கணக்கைத் தொட்டு 'ரிமூவ் அக்கவுன்ட்'. போனில் இருப்பது அந்த ஒரே கூகுள் கணக்கு என்றால், திரைப்பூட்டின் 'பின்' எண்ணையோ பேட்டர்னையோ கேட்கும். சாம்சங், ஷாவ்மி போன்ற கம்பெனிகளின் சொந்தக் கணக்கு இருந்தால் அதையும் அதன் பாஸ்வேர்டு கொடுத்து எடுக்க வேண்டும். கூகுளை மட்டும் எடுத்துவிட்டு இதை மறப்பவர்கள் நிறைய.

ரீசெட் மட்டும் ஏன் போதாது? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து 'ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன்' என்ற பூட்டு இருக்கிறது. கணக்கு உள்ளே இருக்கும்போதே செட்டிங்ஸுக்குள் போகாமல், பக்கவாட்டுப் பட்டன்களை அழுத்தி வரும் 'ரெகவரி' திரை வழியாக ரீசெட் செய்தால், போன் மறுபடி விழித்ததும் பழைய கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். திருடனுக்கு வைத்த பூட்டுதான். ஆனால் வாங்கியவருக்கும் அதே பூட்டுதான். ஆகவே வரிசை இது: நகல், சிங்க், கணக்கை எடுத்தல், பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட். பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால் ரீசெட்டுக்கு முன் 24 மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: கணக்கை எடுத்த மறு நிமிடமே பாதி எண்களைக் காணோம். திரும்பக் கிடைக்குமா?

காணாமல் போனவை கூகுளில் சேமிக்கப்பட்டிருந்தவை. மிச்சமிருக்கும் பாதி, போனிலோ சிம்மிலோ இருந்தவை. பதற்றத்தில் எதையும் புதிதாக அடித்துச் சேர்க்காதீர்கள், பிறகு இரட்டை இரட்டையாக நிற்கும். அதே கணக்கை மறுபடி சேர்த்து, 'காண்டாக்ட்ஸ்' சிங்க் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, சில நிமிடம் காத்திருங்கள். ஏதோ ஒரு சமயம் நீங்களே அழித்த எண்கள் என்றால், கூகுள் காண்டாக்ட்ஸ் இணையப் பக்கத்தின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும்.

கேள்வி: போட்டோஸ் செயலியில் இடம் காலியாக்கினேன். பிறகு கணக்கை எடுத்தேன். இப்போது கேலரியே வெறிச்சோடிக் கிடக்கிறது!

'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' செய்ததும், மேலே ஏற்றப்பட்ட படங்களின் போன் நகல் அழிந்துவிட்டது. அதன்பின் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சர்வரில் இருந்து வந்த காட்சி. கணக்கு போனதும் காட்சியும் போனது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. கணக்கைச் சேருங்கள், தேவையானவற்றைத் திறந்து 'டவுன்லோட்' கொடுங்கள்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. கணக்கு உள்ளே இருக்கும்போது, 'விற்கப்போகிற போன்தானே' என்று போட்டோஸ் செயலியைத் திறந்து எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து அழிக்கவே அழிக்காதீர்கள். அது போனில் மட்டுமல்ல, சர்வரிலும் அழிக்கும். இந்தத் தலைப்பில் நிகழக்கூடிய தவறுகளில் இதுதான் மிகக் கொடியது. வருடக்கணக்கான குடும்பப் படங்கள் இப்படித்தான் போகின்றன. பேக்கப் ஆன படம் அழிந்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் அது 30 நாள். அதற்குள் நினைவு வந்தால் மீட்கலாம்.

கேள்வி: ஐபோனில் ஆப்பிள் கணக்கை எடுக்கும் 'சைன் அவுட்' மங்கலாகத் தெரிகிறது, தொட்டால் எதுவும் நடக்கவில்லை. என்ன காரணம்?

பெரும்பாலும் ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாட்டு வசதி. செட்டிங்ஸ், 'ஸ்கிரீன் டைம்', 'கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' உள்ளே 'அக்கவுன்ட் சேஞ்சஸ்' என்று ஒன்று இருக்கும். அதை 'அலவ்' ஆக்குங்கள். பிள்ளைகளுக்காக எப்போதோ போட்டு மறந்த கட்டுப்பாடாக இருக்கும். அலுவலகமோ பள்ளியோ கொடுத்த போன் என்றால் 'ஜெனரல்' பகுதியில் நிர்வாக புரொஃபைல் ஒன்று தெரியும். அவர்கள்தான் விடுவிக்க முடியும்.

பொத்தான் வேலை செய்து, ஆனால் 'ஒரு மணி நேரம் கழித்து வா' என்று போன் சொன்னால் அது பழுதல்ல. 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' என்ற திருட்டுப் பாதுகாப்பு ஆனில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்தது. நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்தைவிட்டு வெளியே இருந்தால், முகத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும். போனைக் கைமாற்றும் இடத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

சைன் அவுட் செய்யும் வழி: செட்டிங்ஸின் உச்சியில் உங்கள் பெயர், பக்கத்தின் அடியில் 'சைன் அவுட்', ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு கேட்பது, தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை'யை அணைப்பதற்கு. அது அணைந்தால்தான், பழைய கணக்கைக் கேட்டு நிற்கும் 'ஆக்டிவேஷன் லாக்' என்ற பூட்டு விடுபடும். அடுத்து, எதன் நகலைப் போனில் வைத்துக்கொள்வது என்று கேட்கும். போன் உங்களிடமே இருக்கப்போகிறது என்றால் காண்டாக்ட்ஸை ஆன் செய்யுங்கள். விற்பதென்றால் எதுவும் வேண்டாம்.

படங்களை இந்தக் கட்டத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' ஆனில் இருந்தால் போனில் கிடப்பது சிறிய பிரதிகள், முழுப் படம் ஐகிளவுடில். போனிலும் படங்கள் வேண்டும் என்றால் ஐகிளவுட் போட்டோஸ் பகுதியில் 'டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்' தேர்ந்தெடுத்து, சார்ஜரில் மாட்டி, வைஃபையில் ஓர் இரவு விடுங்கள். போனில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பாதியில் நிற்கும்.

கேள்வி: ஆப்பிள் பாஸ்வேர்டே நினைவில்லை. சைன் அவுட் செய்ய வழி உண்டா?

போன் திறந்து கையில் இருக்கிறது, அதன் பாஸ்கோடு (திரையைத் திறக்கும் எண்) தெரியும் என்றால் உண்டு. செட்டிங்ஸ், உங்கள் பெயர், 'சைன்-இன் அண்ட் செக்யூரிட்டி', 'சேஞ்ச் பாஸ்வேர்டு'. பழைய பாஸ்வேர்டைக் கேட்காமல் போனின் பாஸ்கோடைக் கேட்கும். புதியதை வைத்து, அதைக் கொண்டு சைன் அவுட் செய்யுங்கள். இந்த வசதி இருப்பதாலேயே ஆறு இலக்கப் பாஸ்கோடை யாரிடமும் சொல்லக் கூடாது.

கேள்வி: பழைய ஐபோன் ஒன்று வாங்கினேன். ஆன் செய்தால் யாருடைய மெயிலோ வருகிறது. கடைகளில் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த இந்த ஆக்டிவேஷன் லாக்கின் விவரம் போனில் இல்லை, ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனைக் கழற்றியோ சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றியோ அதை எடுக்க முடியாது.

விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள். போனை அவரிடம் எடுத்துப் போக வேண்டியதில்லை. அவர் எங்கிருந்தாலும் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, 'ஃபைண்ட் டிவைசஸ்' பகுதியில் இந்தப் போனைத் தேர்ந்தெடுத்து, அழிக்காமல் விட்டிருந்தால் முதலில் 'இரேஸ்', பிறகு 'ரிமூவ்' கொடுத்தால் போதும். நீங்கள் போனை அணைத்து ஆன் செய்தால் புதுப் போன்போலத் தொடங்கும். அவர் பாஸ்வேர்டை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விற்றவரைப் பிடிக்க முடியாவிட்டால், முதன்முதலில் வாங்கிய ரசீது கையில் இருந்தால் ஆப்பிளிடம் விண்ணப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் வழி. இனி வாங்கும்போது, உங்கள் கண் முன்னே ரீசெட் ஆகி 'ஹலோ' திரையைத் தாண்டி, யாருடைய கணக்கையும் கேட்காமல் முகப்புத் திரைவரை வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஆண்ட்ராய்டுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: போன் தொலைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்து கணக்கை உடனே எடுத்துவிடலாமா?

பொறுங்கள். முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஆனால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஐகிளவுடில் 'ரிமூவ்' கொடுத்தால் ஆக்டிவேஷன் லாக் போய்விடும். எடுத்தவர் அதைத் தன் போனாகவே பயன்படுத்தலாம். கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் சைன் அவுட் செய்தால், அந்தப் போனைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி அற்றுப்போகும்.

முதலில் ஐபோனுக்கு, 'ஃபைண்ட் மை' வழியாகப் போனைப் பூட்டும் 'லாஸ்ட் மோட்'. ஆண்ட்ராய்டுக்கு, முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்றிருந்த 'ஃபைண்ட் ஹப்'பில் பூட்டு. சிம்மை முடக்கி, கணக்குப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கிடைக்காது என்று முடிவானபின் தொலைவிலிருந்து 'இரேஸ்' கொடுங்கள். தகவல் அழியும், பூட்டு நிற்கும். ஐகிளவுட் பட்டியலிலிருந்து மட்டும் நீக்காதீர்கள்.

கூகுளின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனிலும் ஓர் உறுதி கேட்பது) வைத்திருப்பவர்களுக்கு, உள்ளே நுழையவே தொலைந்த போனுக்குத்தான் கேள்வி வரும். அதற்காகவே எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகளைக் கூகுள் தருகிறது. போன் கையில் இருக்கும்போதே தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனை விற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பழைய கூகுள் கணக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். வாட்ஸ்அப் பேக்கப் என்ன ஆகும்?

பழைய பேக்கப் பழைய கணக்கிலேயே கிடக்கும், தானாக இடம் மாறாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' உள்ளே கூகுள் கணக்கைப் புதியதாக மாற்றி, உடனே ஒரு முறை 'பேக்கப்' அழுத்துங்கள். மீட்கும்போது அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். எண் சரியாக இருந்து கணக்கு மாறியிருந்தால் 'பேக்கப் எதுவும் இல்லை' என்றே சொல்லும்.

கேள்வி: ஐபோனில் ஜிமெயிலை எடுக்கப் போனால் 'டெலிட் அக்கவுன்ட்' என்று சிவப்பில் வருகிறது. அழுத்தலாமா?

அழுத்தலாம். அங்கே அந்தச் சொல்லுக்கு 'இந்தப் போனிலிருந்து நீக்கு' என்றுதான் பொருள். கணக்கு அழியாது. ஆனால் நோட்ஸ் செயலியில் ஜிமெயில் என்ற தலைப்பின் கீழ் ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து போனைவிட்டு மறையும். அதை முதலில் ஐகிளவுடுக்கு நகர்த்திவிடுங்கள்.