வாசகர் கேள்வி–பதில்: ஆங்கிலத்தில் ‘ஹேட்’ எங்கே வர வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகளுக்குப் பயிர்ச்சேத மனுக்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து வருகிறேன். நடந்து வெகு காலம் ஆகியிருந்தால் ‘ஹேட்’ (had) சேர்த்து எழுதும் பாஸ்ட் பெர்ஃபெக்ட், அண்மையில் நடந்திருந்தால் ‘ஹேட்’ இல்லாத சாதாரண இறந்தகாலமான சிம்பிள் பாஸ்ட் என்று பள்ளியில் படித்ததாக நினைவு. அது சரிதானா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: சரியன்று. ஒரு செய்தி எவ்வளவு பழையது என்பதற்கும் ‘ஹேட்’ போடுவதற்கும் தொடர்பே இல்லை. கல்லணை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆயினும் ‘கரிகாலன் கன்ஸ்ட்ரக்டட் கல்லணை’ என்று சிம்பிள் பாஸ்ட்டில்தான் எழுதுகிறோம். கடந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கும் முன்பே நடந்து முடிந்ததைக் குறிப்பிடும்போதுதான் ‘ஹேட்’ தேவைப்படுகிறது. ‘1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது கல்லணை பல நூற்றாண்டுகளைக் கடந்திருந்தது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், திறப்புக்குச் சிம்பிள் பாஸ்ட்டும், அதற்கு முன்பே கடந்துவிட்ட காலத்துக்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட்டும் வரும்.

உங்கள் மனுக்களில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. சம்பா வயல் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கி, தண்ணீர் வடிந்த பிறகே அதிகாரி பார்வையிட வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ‘வென் தி ஆஃபீசர் கேம், தி வாட்டர் டிரெயின்ட்’ என்று எழுதினால், அவர் வந்த பிறகுதான் தண்ணீர் வடிந்தது என்று பொருள்படும். தேங்கிய நீரை அவர் கண்ணால் பார்த்தார் என்றே படிப்பவர் எண்ணுவார். ‘தி வாட்டர் ஹேட் டிரெயின்ட்’ என்றால்தான் அவர் வருமுன்பே வடிந்துவிட்டது, ஆகவே மூழ்கிய நிலையை அவர் காணவில்லை என்பது விளங்கும். அழுகிய பயிருக்கு நிவாரணம் கேட்பவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு தேவை என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆனால் நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும்போது ‘ஹேட்’ வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள், எங்கள் வாய்க்காலுக்கு வந்தது, நாற்றங்கால் விட்டோம், நடவு செய்தோம் என்னும் நான்குக்கும் சிம்பிள் பாஸ்ட் போதும். மனு என்றாலே கனமாக இருக்க வேண்டும் என்று கருதி வரிக்கு வரி ‘ஹேட்’ சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் எது முன், எது பின் என்பதே படிப்பவருக்குப் புலப்படாமல் போய்விடும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ ஆகிய சொற்கள் இருந்தால் வரிசை அவற்றிலேயே தெரிந்துவிடுவதால், பெரும்பாலும் இரண்டு வடிவங்களும் ஏற்கத்தக்கவை. அங்கே சிம்பிள் பாஸ்ட்டையே நான் விரும்புவேன்.

கேள்வி: ‘ஐ ஹேட் கான் டு தஞ்சாவூர் எஸ்டர்டே’ என்று என் மகள் எழுதியதை ஆசிரியை தவறு என்று அடித்துவிட்டார். ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தமிழில் ‘நேற்றுத் தஞ்சாவூர் போயிருந்தேன்’ என்று தனியாகச் சொல்வது இயல்பு, அந்தப் பழக்கமே ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வெறும் செய்தியாகச் சொல்ல ‘ஐ வென்ட்’ என்பதே சரி. ‘நேற்று மாமா வீட்டுக்கு வந்தபோது நான் தஞ்சாவூர் போய்விட்டிருந்தேன்’ என்று மாமாவின் வருகையையும் சேர்த்து எழுதியிருந்தால், ‘ஹேட் கான்’ என்பதை ஆசிரியை அடித்திருக்க மாட்டார்.