தண்டத்தை போனில் கட்டிய பிறகும் அழைப்பாணை: மறுபடி கட்ட வேண்டுமா?

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் டவுன் ஒன்றில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் குப்பைப் பை கிடந்ததென்று சபை உத்தியோகத்தர் 5,000 ரூபாய் தண்டம் கேட்டார். போனில் கியூஆர் காட்டினார், ஸ்கேன் பண்ணிக் கட்டினேன். பற்றுச்சீட்டு தரவில்லை. இப்போது அதே குப்பைக்கு நீதவான் நீதிமன்ற அழைப்பாணை வந்திருக்கிறது, அதுவும் சிங்களத்தில். மறுபடியும் கட்டணுமா?

பதில்: முதலில், அழைப்பாணையில் உள்ள திகதிக்கு நீதிமன்றம் போங்கள். கட்டியாச்சுதானே என்று வீட்டில் இருந்தால் பிடியாணை வரலாம்.

சபை வழக்குப் போடலாம். தண்டம் விதிப்பவர் நீதவான். வீதியில் நின்று தொகை சொல்லித் தண்டம் விதிக்கும் அதிகாரம் உத்தியோகத்தருக்குக் கிடையாது. ஆகவே நீங்கள் கொடுத்த 5,000 தண்டப்பணம் ஆகாது. நீதவான் தண்டம் விதித்தால் அது வேறு கணக்கு. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். ஒரு விஷயம்: “ஏற்கெனவே கட்டிவிட்டேன்” என்று மன்றில் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. முதலில் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இனி அந்த கியூஆர். லங்கா கியூஆர் ஸ்கேன் செய்ததும், தொகையை உறுதிப்படுத்துமுன் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். வங்கிச் செயலியில் அன்றைய கொடுப்பனவைத் திறந்து பாருங்கள். பெயர், திகதி, நேரம், கொடுப்பனவின் குறிப்பிலக்கம் (ரெஃபரன்ஸ்) நாலும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதில் தனிநபர் பெயர் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுங்கள். சபையின் பெயர் இருந்தால், எதற்கான பணம் என்ற இலக்கம் இல்லாததால் பேரேட்டில் உங்கள் பெயரில் ஏறாமல் கிடக்கக்கூடும். போனில் கட்டும்போது பிழை நேரக்கூடிய இடம் இதுதான். வங்கியின் குறுஞ்செய்தி சபையின் பற்றுச்சீட்டு ஆகாது.

போனில் கட்டும் முறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதிப்பீட்டு வரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் 10 சதவீதம் கழிவு. அதற்காகக் கடையைப் பூட்டி பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு 2025 பெப்ரவரியில் அரசு தொடங்கிய கொவ்பே (அரச நிறுவனங்களுக்கு இணையத்தில் பணம் கட்டும் முறை) போன்ற வழி கட்டாயம் வேண்டும். ஆனால் பணம் சபையின் கணக்குக்கே போக வேண்டும், இலக்கமிட்ட பற்றுச்சீட்டு உடனே வர வேண்டும்.

சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மாநகர சபையென்றால் ஆணையாளருக்கு. கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: அன்று அந்தத் தொகை வரவில் பதிவானதா, பற்றுச்சீட்டு இலக்கம் என்ன, அந்த கியூஆர் யாருடைய கணக்கு. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புக் கேட்க 24ஆம் உறுப்புரை உண்டு.

வழக்குத் திகதிக்கு முன் பதில் வராவிட்டால், கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.