பள்ளியில் டெஸ்ட் எடுத்து வரச் சொல்கிறார்கள்: எந்தக் கேள்வியோடு போவது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லிவிடுவான். எழுத உட்கார்ந்தால் பாதி வரியில் நின்றுவிடுகிறான். வாசிக்கும்போது இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். கவனமும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. சைக்காலஜிஸ்டிடம் காட்டி, டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் வாங்கி வரும்படி வகுப்பாசிரியர் சொல்கிறார். வீட்டில் பெரியவர்கள், "பையனுக்கு என்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார்கள். டெஸ்டில் என்ன செய்வார்கள்? அந்த ரிப்போர்ட் பின்னால் அவனுக்குப் பாதகமாகுமா? இன்னொரு விஷயம். என் கணவருக்கு 38 வயது. "நானும் சின்ன வயசில் இப்படித்தான்" என்கிறார். இப்போதும் ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். அவரும் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பார்த்துக்கொள்ளலாம், இரண்டு பேருமே. ஆனால் "டெஸ்ட் எடுக்கணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அப்படிப் போகிறவர்களில் பலர் ஒரு ஐக்யூ (நுண்ணறிவு அளவு) எண்ணோடு திரும்பி வந்து, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எந்தச் சோதனைகளைத் தேர்ந்தெடுப்பது என்பதே நீங்கள் கொண்டுபோகும் கேள்வியைப் பொறுத்தது. உங்கள் கடிதத்திலேயே அருமையான கேள்வி ஒன்று இருக்கிறது: இவ்வளவு நன்றாகப் பேசுகிற பையன் வாசிக்கவும் எழுதவும் மட்டும் ஏன் திணறுகிறான், அதற்கு நாங்களும் பள்ளியும் என்ன செய்யவேண்டும்? இதை ஒரு தாளில் எழுதி, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது பயம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இந்தச் சோதனைகள் எதற்காகப் பிறந்தன என்று அவர்களுக்குச் சொல்லிப்பாருங்கள். 1905-இல் பிரான்ஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதுதான் அதன் நோக்கம். இன்றும் நல்ல மதிப்பீட்டின் வேலை அதுதான். உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் மனநோய் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை.

அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன் இரண்டு பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்: கண், காது. தூரத்துப் பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும், அடிக்கடி காதில் சளி கட்டியதால் லேசாகக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளையும் "கவனம் இல்லாதவன்" என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தினமும் சத்தமாகக் குறட்டை விடுகிறான் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒழுங்காகத் தூங்காத குழந்தை பகலில் சோர்ந்து விழாமல் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றையும் ஆசிரியரிடம் கேட்டுவையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, கூப்பிட்டாலும் அசையாமல், அப்புறம் எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறானா? அப்படி இருந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதைக் குழந்தை நரம்பியல் மருத்துவர் பார்க்கவேண்டும்.

இனி மதிப்பீடு. முதல் சந்திப்பு பெரும்பாலும் உங்களோடுதான் நடக்கும். கர்ப்பகாலம், பிரசவம், எப்போது பேசினான், எப்போது நடந்தான், குடும்பத்தில் யாருக்கு என்ன என்று நிறையக் கேட்பார்கள். பழைய நோட்டுகள், ரேங்க் கார்டுகள், ஆசிரியர் கைப்பட எழுதிய இரண்டு வரி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அழித்து அழித்து எழுதிய ஒரு நோட்டு, நீங்கள் அரை மணி நேரம் விளக்குவதைவிட அதிகம் சொல்லும். கவனக்குறைவு பற்றிய கேள்வித்தாள்கள் உங்களுக்கும் ஆசிரியருக்கும் தனித்தனியாக வரும். இதற்குக் காரணம் உண்டு. ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) என்று சொல்லவேண்டுமானால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும், குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்கவேண்டும், ஒரே இடத்தில் மட்டும் இல்லாமல் வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். பள்ளியில் மட்டும் கவனம் சிதறுகிறது, வீட்டில் பிடித்த வேலையிலும் பிடிக்காத வேலையிலும் ஒழுங்காக உட்காருகிறான் என்றால், வாசிக்க முடியாத தவிப்பே கவனமின்மைபோல் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அப்புறம் குழந்தையோடு நேரடியாக உட்காரும் பகுதி. உலகில் பல இடங்களில் பயன்படுவது வெக்ஸ்லர் சோதனை. 1949-இல் டேவிட் வெக்ஸ்லர் குழந்தைகளுக்காக வெளியிட்ட சோதனையின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் அது பொருந்தும். கட்டைகளை அடுக்குவது, படப் புதிர், சொற்களுக்குப் பொருள் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, குறிகளை வேகமாகக் கண்டுபிடிப்பது என்று போகும். பல பிள்ளைகள் இதை விரும்பியே செய்வார்கள். இது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் சேரும்போது இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரிப்பதே நல்லது. களைத்துப்போன குழந்தையிடமிருந்து வரும் எண் அவன் திறமையைச் சொல்லாது. காய்ச்சல் அடித்த மறுநாள் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெற்றோர் அதிகம் உடைந்துபோகிறார்கள். இந்தச் சோதனையில் சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். எந்த எண்ணும் ஆணி அடித்ததுபோல் நிலையானது கிடையாது. 95 என்று வந்தால், உண்மையான திறன் சுமார் 90 முதல் 100 வரை எங்கோ இருக்கும் என்றுதான் படிக்கவேண்டும். நல்ல ரிப்போர்ட்டில் அந்த எல்லைகளையும் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியமானது, மொத்த எண்ணுக்குக் கீழே இருக்கும் ஐந்து பகுதிகள்: மொழிவழிப் புரிதல், உருவங்களையும் இடத்தையும் உணர்வது, புதிய சிக்கலை யோசித்து அவிழ்ப்பது, கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்வது, வேகம். ஒரு பிள்ளைக்கு மொழிவழிப் புரிதல் 118, வேகம் 82 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் அவன் "சராசரி" என்று வந்துவிடுவான். ஆனால் அந்தச் சராசரிக்குள் வகுப்பில் பெரும்பாலோரைவிட நன்றாக விளங்கிக்கொள்ளும் மனமும், அதைத் தாளில் இறக்க முடியாத கையும் ஒளிந்திருக்கின்றன. தினமும் அவன் அனுபவிக்கும் எரிச்சல் அந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. ஆகவே ரிப்போர்ட் வந்ததும் மொத்த எண்ணைத் தாண்டிப்போய், பகுதிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பற்றிக் கேளுங்கள்.

ஐக்யூ சோதனையை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் சிரமம்) என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எழுத்துகளையும் ஒலிகளையும் இணைக்கும் திறன், சொல் வாசிப்பு, வாசிப்பு வேகம், எழுத்துப்பிழை ஆகியவற்றைத் தனியாகச் சோதித்திருக்கவேண்டும். குறிப்பிட்டுப் பயிற்சி கொடுத்தும் ஆறு மாதமாவது சிரமம் தொடர்ந்திருக்கவேண்டும். எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். வீட்டில் ஒரு மொழி பேசி, பள்ளியில் இன்னொரு மொழியில் படிக்கும் பிள்ளையை இரண்டாவது மொழியில் மட்டும் சோதித்தால், அந்த மொழியில் அவனுக்கு இருக்கும் பழக்கக் குறைவையும் சேர்த்தே அளந்துவிடுவார்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் இந்த வாரமே எதை மாற்றுவது, பள்ளி எதை மாற்றவேண்டும், யாரிடம் பயிற்சிக்குப் போவது, எப்போது மறுபடி பார்ப்பது என்ற நாலுக்கும் பதில் வேண்டும். பள்ளிக்கு முழு ரிப்போர்ட்டையும் கொடுக்கவேண்டியதில்லை. குடும்ப விவரங்கள் இல்லாமல், பரிந்துரைகள் மட்டும் உள்ள ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டை யாருக்குக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்யலாம் என்பதால், அது பாதகமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். உயிருக்கு ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுவது போன்ற நிலைமைகளில் மட்டும்தான் அந்த ரகசியம் தளரும்.

வாசிப்புச் சிரமம் உறுதியானால் பலன் தருவது ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தரும் பயிற்சி. ஸ்பெஷல் எஜுகேட்டர் (கற்றல் சிரமமுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியர்) வாரத்தில் சில நாட்கள், பல மாதங்கள் பொறுமையாக எடுக்கவேண்டும். நிறக் கண்ணாடி வாசிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, அதில் பணத்தைப் போடாதீர்கள். தேர்வில் கூடுதல் நேரம், வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி, பலகையிலிருந்து பார்த்து எழுதும் சுமையைக் குறைப்பது இவையெல்லாம் பள்ளியில் செய்யக்கூடியவை. ஏடிஎச்டியும் இருந்தால் பெற்றோருக்கான பயிற்சி, வகுப்பறை மாற்றங்கள், தேவைப்பட்டால் மருந்து. மருந்தைப் பற்றி முடிவெடுப்பது மருத்துவரின் வேலை, சோதனை செய்கிற சைக்காலஜிஸ்டின் வேலை பொதுவாக அதுவல்ல.

டெஸ்டுக்கு முதல் நாள் மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "உனக்கு வாசிக்கிறது ஏன் கஷ்டமா இருக்குன்னு கண்டுபிடிக்கப் போறோம். சிலது சுலபமா இருக்கும், சிலது ரொம்பக் கஷ்டமா இருக்கும். பாஸ், ஃபெயில் கிடையாது." இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பயிற்சி கொடுக்காதீர்கள். முடிவு கெட்டுப்போய், கிடைக்கவேண்டிய உதவிதான் கைநழுவும். அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் வேறு இடத்தில் மறுபடி எடுப்பதையும் தவிருங்கள், பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறிவிடும்.

உங்கள் கணவர் சொல்வதை நான் முழுமனதோடு எடுத்துக்கொள்கிறேன். ஏடிஎச்டி குடும்பங்களில் தொடர்ந்து வருவது. இரட்டையர் ஆய்வுகளில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை தெரிகிறது. பிள்ளையின் மதிப்பீட்டின்போதுதான் பல பெற்றோர் தங்களையே அடையாளம் காண்கிறார்கள். பெரியவர்களுக்கும் வழி ஏறக்குறைய அதேதான், ஆனால் எண்களைவிட வாழ்க்கை வரலாறு அதிகம் பேசும். பழைய பள்ளி ரிப்போர்ட்டுகள் கிடைத்தால் எடுத்துப்போகச் சொல்லுங்கள். அவரைச் சிறுவனாகப் பார்த்த அம்மாவோ அக்காவோ பேசினால் இன்னும் நல்லது. நீங்களும் உடன் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஆறு கேள்விகள் கொண்ட ஒரு குறுங்கேள்வித்தாள் உண்டு. அதில் "அடிக்கடி" என்ற பதில் அதிகமாக வந்தால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்பதோடு சரி, அதுவே நோய்க்கணிப்பு ஆகாது. தைராய்டு, தூக்கக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு எல்லாமே 38 வயதில் கவனத்தைக் கலைக்கக்கூடியவை.

மனச்சோர்வைப் பார்க்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் விரிவாகப் பேசவேண்டும். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்ற கேள்விக்கு, மொத்தம் எதுவாக இருந்தாலும் "ஆம்" என்றால் அன்றைக்கே உதவி தேவை. அப்படிப்பட்ட பேச்சு மகனிடமிருந்து வந்தாலும், கணவரிடமிருந்து வந்தாலும், மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டாம். மகனுக்கு முதலில் முடியட்டும், அவனுடைய பயிற்சி தொடங்கட்டும். பிறகு கணவர் போகட்டும். மூன்று மாதம் கழித்து மகனின் நோட்டில் மாற்றம் ஏதும் தெரியாவிட்டால், அதே ரிப்போர்ட்டோடும் அந்தப் புது நோட்டோடும் சைக்காலஜிஸ்டிடம் திரும்பிப் போய், பயிற்சியில் எதை மாற்றுவது என்று கேளுங்கள்.