முயலுக்குச் சொறியா, படையா, வெறும் முடி உதிர்வா?

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் 16 வருடமாக முயல் வளர்க்கிறேன். மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வாங்கிய ஒரு சோவியத் சின்சில்லா இன முயல் ஜோடியில் ஆரம்பித்தது. முயல் வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன், கேட்டவரின் ஊர்ப் பெயர் முன்னால் இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை. ஊசி, அளவு எல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியவை. கேட்கும்போது உடம்பில் எந்த இடம் என்று சொல்லிவிடுங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

பண்ணைக்காடு: அக்கா, எங்கள் வெள்ளை முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதுக்குள் பழுப்பாக அடை அடையாக ஏதோ இருக்கிறது. பட்ஸ் வைத்து எடுத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. அது காதுச் சொறி. சோரோப்டிஸ் என்ற நுண்ணிய பூச்சியின் வேலை. என் முதல் முயலுக்கு வந்தபோது, அழுக்கு என்று நினைத்து நானும் அந்த அடையைப் பிய்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக வந்தது. அடியில் தோலே இல்லை, பச்சைப் புண். முயல் கத்தியது. அதுவரை முயலுக்குக் குரல் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

மருந்து பிடித்தால் அந்த அடை தானாக உதிர்ந்துவிடும். பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசிதான், தோலுக்கு அடியில் போடுவார்கள். 10 முதல் 14 நாளில் மறு ஊசி. முதல் ஊசி முட்டைகளைக் கொல்லாது, அவை பொரித்து வந்த பிறகு இரண்டாவது ஊசிதான் பிடிக்கும். 'நன்றாகிவிட்டதே' என்று அதை விட்டுவிடுபவர்கள்தான் அடுத்த மாதம் திரும்பக் கேட்கிறார்கள். ஒரே கூண்டில் இருக்கும் எல்லா முயலுக்கும் சேர்த்தே பாருங்கள்.

மாட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து நீங்களே போடாதீர்கள். 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 2 கிலோ முயலுக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. பூண்டு நிறுக்கும் தராசில் பையோடு தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டு போனால் மருத்துவருக்கும் வசதி.

கோத்தகிரி: மூக்கு, உதடு, கால்விரல் எல்லாம் சாம்பல் நிறத்தில் பொருக்கு. எனக்கும் முன்கையில் அரிக்கிறது.

உங்கள் கை அரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சொறிப்பூச்சி மாதிரிதான் இருக்கிறது. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உறுதியாகிவிடும். சிகிச்சை மேலே சொன்னதேதான். நம் உடம்பில் அது நிலைக்காது, முயல் குணமானால் பெரும்பாலும் உங்கள் அரிப்பும் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்று கவனியுங்கள். மூக்கோடு பிறப்புறுப்பிலும் பொருக்கு இருந்தால் அது இனச்சேர்க்கையில் பரவும் முயல் மேகநோயாக (சிஃபிலிஸ்) இருக்கலாம், அதற்குப் பென்சிலின் ஊசி. ஊசியாக மட்டும்தான். பென்சிலினோ அமாக்சிசிலினோ வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் கெட்டுச் செத்தே போகலாம்.

ஊட்டி: முதுகில் பொடுகு கொட்டுகிறது. நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்து மீதி இருக்கிறது, விடலாமா?

பெட்டியில் ஃபிப்ரோனில் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு ஆகிறது முயலுக்கு ஆகாது.

பழைய கருப்புக் குடைத்துணியை விரித்து, அதன் மேல் முயலை நிறுத்தி முதுகைச் சீவுங்கள். உதிர்ந்த செதிலை வெயிலில் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சில செதில்கள் நகர்ந்தால் அது பொடுகு இல்லை, பூச்சி. செலமெக்டின் சொட்டு மருந்து உண்டு, அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கவுஞ்சி: பெண் முயல் கழுத்து முடியைத் தானே பிய்க்கிறது. தோலில் ஒன்றும் இல்லை.

வாயில் புல்லையும் கவ்விக்கொண்டு அலைகிறதா? கூடு கட்டுகிறது. பெட்டி வையுங்கள். ஆணோடு சேரவே இல்லை என்றால் பொய்ச்சினை, சில நாளில் விட்டுவிடும்.

குன்னூர்: வட்டமாக முடி கொட்டுகிறது. என் மகளுக்கும் கன்னத்தில் படர்தாமரை.

இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். பூஞ்சை முயலிடமிருந்து பிள்ளைக்கும் வரும். மகளைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை இரண்டு பேருக்கும் தடவாதீர்கள், அரிப்பு குறைந்த மாதிரி இருக்கும், படை பரவும். முயலைத் தனியாக வையுங்கள். கூண்டிலிருக்கும் பழைய மரப்பலகையை எரித்துவிடுங்கள், எவ்வளவு கழுவினாலும் வித்து அதில் ஒளிந்திருக்கும்.

கூக்கல்: பின்னங்கால் அடியில் முடி போய்ச் சிவந்திருக்கிறது. ஒரு தடவை குளிப்பாட்டினால் சரியாகுமா?

குளிப்பாட்டாதீர்கள். நம் மலைக் குளிரில் நனைந்த முயல் விடியும்வரை தாங்காது. இது கம்பிவலைப் புண். கூண்டில் பாதி இடத்துக்கு வழவழப்பான பலகை போட்டு, மேலே காய்ந்த புல்லை விரியுங்கள். மூடுபனி நாளில் தினமும் மாற்றுங்கள், ஈரப்புல் இன்னும் மோசம். நகத்தையும் வெட்டிவிடுங்கள். தோல் பிளந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தாண்டிக்குடி: அம்மா, நாலு நாளாக முயலுக்குக் கழிச்சல். வால் பக்கம் ஈரமாகவே இருக்கிறது, ஈ மொய்க்கிறது. இப்போது பார்த்தால் சின்னச் சின்னதாக வெள்ளைப் புழு.

ஐயா, இது நாளைக்குப் பார்க்கிற விஷயம் இல்லை. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைன், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீரும் வேண்டாம், முடி ஒட்டிக்கொண்டால் புழு கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறதை இடுக்கியால் எடுத்துக்கொண்டே இருங்கள், வீட்டில் யாராவது வண்டி பிடிக்கட்டும். சாக்கில் சுற்றிக் கதகதப்பாகக் கொண்டுபோங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் கிளம்புங்கள்.