பவர் பேங்க் கேள்வி பதில்: எம்.ஏ.எச்சை விடுங்கள், வாட் அவரைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் பவர் பேங்க் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பாலக்கோடு: அண்ணா, 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் வாங்கினேன். போன் பேட்டரி 5,000. இரண்டு தடவை ஏறணுமில்ல? ஒன்றரைத் தடவையிலேயே காலியாகிடுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று இல்லை தம்பி. உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட். 10,000 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர் அவர்) என்பது அந்த வோல்டேஜில் போட்ட கணக்கு. இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 37 வாட் அவர், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த மின் ஆற்றல். யுஎஸ்பி வழியாக வருவதோ 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 எம்.ஏ.எச்தான். 3.7-ஐ 5-க்கு ஏற்றித் தரும் பூஸ்ட் சர்க்யூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சூடாகப் போய்விடும். மிஞ்சுவது 6,300 முதல் 6,600 வரை. அட்டையில் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று இருக்குமே, அது இதுதான். போனும் அதை வாங்கித் தன் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும்போது இன்னும் கொஞ்சம் இழக்கும். உங்கள் போனுக்கு வேண்டியது சுமார் 19 வாட் அவர். போய்ச் சேர்வது 29 அளவில். ஒன்றரைத் தடவை என்பது சரியான கணக்கு.

ஓசூர்: சந்தையில 50,000 எம்.ஏ.எச்ன்னு போட்டு ரொம்ப மலிவா விக்கறாங்க. வாங்கலாமா சார்?

கையில் எடுத்து எடை பாருங்கள். 18650 என்று சொல்லும் உருளை செல் ஒன்று 45 முதல் 50 கிராம். நல்ல தயாரிப்பே பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச் அளவுதான் தாங்கும். 50,000 வேண்டுமானால் பதினான்கு, பதினைந்து செல் இருக்க வேண்டும். செல் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்கும். கால் கிலோவில் 50,000 என்றால் அந்த எண் பொய். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் குறியும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். இது வீட்டுக்குள் படுக்கைப் பக்கத்தில் வைக்கிற பொருள்.

பென்னாகரம்: பவர் பேங்க் 22.5 வாட்னு சொல்லுதுங்க. ஆனா போன் ஆமை வேகத்துல ஏறுது.

முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். ஏடபிள்யூஜி என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் அளவு. அதில் 28 அளவுக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் கேபிளில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 0.42. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் கேபிளுக்குள்ளேயே விழுந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி, போனுக்கு 4.16தான் சேரும். வோல்டேஜ் சரிவதைக் கண்ட போன் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேபிள் உறையில் எழுத்து இருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் படியுங்கள். ‘28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி’ என்று இருந்தால் 28 டேட்டாவுக்கு, 24 பவருக்கு, நல்லது. எண் சிறிதாக ஆகக் கம்பி தடிமன். டேட்டா கம்பியே இல்லாத கேபிளும் கடைகளில் உண்டு. வேகமாக ஏற 9 வோல்ட் வேண்டும் என்று போன் பவர் பேங்கிடம் கேட்க அந்தக் கம்பி தேவைப்படும் வகைகளில், அது இல்லாவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். அரை மீட்டர் தடிமனான கேபிளை மாட்டிப் பாருங்கள்.

அரூர்: இயர்பட்ஸ் மாட்டினா அரை நிமிஷத்துல அணைஞ்சிடுதுண்ணா.

இயர்பட்ஸ் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. பல மாடல்களில் பட்டனை இரண்டு முறை தட்டினால் லோ கரண்ட் மோடு வரும்.

அஞ்செட்டி: கரண்ட் போனா வைஃபை ரவுட்டரை இதுல ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் சாதா யுஎஸ்பி கேபிள் போதாது. 5-ஐ 12 ஆக்கும் ஸ்டெப் அப் கேபிள் வேண்டும். 7 வாட் எடுக்கும் ரவுட்டர் 10,000 எம்.ஏ.எச்சில் நான்கு மணி நேரம் ஓடும். கரண்ட் திரும்பி வந்து பவர் பேங்க் சார்ஜ் ஆகத் தொடங்கும்போது சில மாடல்கள் ஒரு கணம் அவுட்புட்டை நிறுத்தும், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். வாங்குமுன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி: பெங்களூர்ல பிளைட் ஏறணும். 20,000 எடுத்துப் போகலாமா?

74 வாட் அவர்தான். 100 வரை அனுமதி உண்டு. கைப்பையில் வையுங்கள், செக் இன் பெட்டியில் கூடாது.

ஊத்தங்கரை: பழைய பவர் பேங்க் உப்பிட்டுது. ஆனா வேலை செய்யுதுங்க, வெச்சிக்கலாமா?

வேண்டாங்க. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிவிட்டது என்பதுதான் உப்பலுக்குப் பொருள். இனி ஒரு தடவைகூட சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, மின் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். புதிது வாங்கினால் சித்திரை, வைகாசி வெயிலில் வண்டிப் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ விடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடவே கூடாது. பல மாதம் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள்.