சொல்லின் நீளமும் பலகையின் நீளமும்

அன்புள்ள சார்,

ஆங்கிலத்தின் நீண்ட சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது என் பொழுதுபோக்கு. 29 எழுத்துள்ள ‘ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ என்ற சொல்லைப் பார்க்காமலே எழுதுவேன். ஆனால் எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில், பள்ளிக்கூடம் போகும் அக்கா மகளிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். க்யூவையும் ஐயையும் வைத்து ‘சீ’ (qi) என்கிறாள், என்னைத் திட்டுவதுபோலவே இருக்கிறது. ஆட்டத்துக்கு உதவும் நீண்ட, அபூர்வமான சொற்கள் சில சொல்லுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்க்ராபிள் பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டங்கள். இரண்டு பலகைகளை ஒட்டவைத்தால் உங்கள் சொல் உட்கார்ந்துவிடும், ஒரு கட்டம் மிஞ்சும். சல்லிக்காசுக்கும் மதிக்காமல் ஒதுக்குவது என்பது அதன் பொருள். அக்கா மகள் உங்கள் நோட்டுக்குச் செய்வதும் அதைத்தான்.

‘நியூமோனோ’ என்று தொடங்கும் 45 எழுத்துச் சொல்லும் நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று பலகைகளுக்குக் கச்சிதம். எரிமலைத் துகளால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள் சொன்னாலும், அதை உண்டாக்கியது மருத்துவர்கள் இல்லை. 1935இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர்கள் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிவிட்ட சொல் அது. பிறகு அகராதிகளும் சேர்த்துக்கொண்டன.

எனக்குப் பிடித்த நெடுஞ்சொல் ‘அன்காப்பிரைட்டபிள்’ (uncopyrightable). 15 எழுத்துகள், எதுவும் இரண்டாம் முறை வராது. பலகைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். ஆனால் கையிலிருப்பது ஏழு கட்டைகள்தான். மீதி எட்டும் உரிய இடங்களில் ஏற்கனவே விழுந்திருக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆட்டக்காரருக்கு நீண்ட சொல் என்றால் ஏழெழுத்து, எட்டெழுத்து, அவ்வளவுதான். ஏழு கட்டைகளையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். 1982இல் மான்செஸ்டரில் நடந்த போட்டியில் கார்ல் கோஷ்னா ‘கஸீக்ஸ்’ (caziques) என்று போட்டார். பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் சொல், எட்டெழுத்து. க்யூவும் இசட்டும் அதில் இருந்தும் எழுத்துகளின் மதிப்பு வெறும் 28தான். எழுத்தின் மதிப்பை இருமடங்காக்கும் கட்டத்தில் க்யூ விழுந்து 38 ஆனது. சொல்லோ, மொத்தச் சொல்லின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டங்கள் இரண்டை மூடியதால் ஒன்பது மடங்காகி 342. மேலே அந்த 50. ஒரே வீச்சில் 392! இதைவிடப் பெரிய கணக்கு வாழ்நாளில் நமக்கு அமையாது, பொறாமைப்படலாம்.

நமக்கு அமையக்கூடியது வேறு. ‘ரெட்டினா’வின் (retina) ஆறு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் சேர்ந்தால் ரிடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா. ஜி வந்தால் கிரானைட், டியரிங். பி வந்தால் பெயின்டர், ரீபெயின்ட், பெர்டெய்ன். சி வந்தால் செர்டெய்ன், எம் வந்தால் மினரெட். எல்லாமே ஏழெழுத்து, பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த சொற்கள். தெரிந்தும் கலைந்து கிடக்கையில் கண்ணில் படுவதில்லை, அதுதான் சிக்கல். அதனால் சொல்லை எழுதாமல், அதன் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி எழுதி, அதிலிருந்து சொல்லைக் கண்டுபிடித்துப் பழகுங்கள். போட்டியாளர்கள் படிப்பது இப்படித்தான். பொருள்கூட அவசியமில்லை என்றால் கோபம் வருகிறதா? நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது.

அபூர்வமான சொற்களைக் குட்டைச் சொற்களில் தேடுங்கள். ‘சீ’ என்பது சீன மரபில் உயிராற்றல். சும்மா போட்டால் 11 புள்ளி. க்யூ மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் விழுந்து, வலப்பக்கமும் கீழேயும் ஐ இருந்துவிட்டால், ஒரே கட்டையில் குறுக்கே ஒரு ‘சீ’, நெடுக்கே ஒரு ‘சீ’, மொத்தம் 62. உங்கள் 29 எழுத்தால் இது முடியுமா? அப்புறம், யூ இல்லாமலே க்யூ வரும் சொற்கள்: காட் (qat), ஃபக்கீர் (faqir), கனாட் (qanat). உயிரெழுத்தே கைக்கு வராதபோது ரிதம்ஸ் (rhythms), வெல்ஷ் மொழியிலிருந்து வந்த கும் (cwm), க்ரூத் (crwth). இவற்றுக்கு நோட்டில் ஒரு பக்கம் போதும்.

ஒன்று மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: எந்த அகராதி? பிரிட்டனில் புழங்கும் காலின்ஸ் சொற்பட்டியலும் வட அமெரிக்கப் பட்டியலும் ஒன்றல்ல. யாக்கும் பசுவும் கலந்த விலங்கைக் குறிக்கும் ‘ஸோ’ (zo) காலின்ஸில் உண்டு, வட அமெரிக்காவில் செல்லாது. அடுத்த முறை அக்கா மகள் அதை வைத்தால் கேட்டுப் பாருங்கள். அவளிடம் பதில் தயாராக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.