பதில்: காய்ந்ததும் கடிவாளப் பின்னலில் இடைவெளி விழுகிறது

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் எட்டுத் தோல் வார்கள் போட்டுக் கடிவாளம் பின்னினீர்கள், ஒரு வாரத்தில் வார்களுக்கு நடுவே கீற்று தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. தோலில் ஈரம் கூடிவிட்டது. நனைந்த பச்சைத் தோல், அதாவது பதனிடாத தோல், ஊதி நிற்கும், காய்ந்தால் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் நீங்கள் பார்க்கும் கீற்று.

வாரை ஊறவைத்து எடுத்ததும் பின்னாதீர்கள். துடைத்து, கொஞ்சம் காற்றாடவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் நீர் கசியக் கூடாது. அதுதான் பதம். சேணச் சோப்பை (தோல் சாமான்களுக்குப் பூசும் சோப்பு) லேசாகத் தடவிக்கொண்டால் வார் வழுக்கி இறுக்கமாக உட்காரும்.

இன்னொன்று, ஓரங்களைச் சீவினீர்களா? உள்பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவாவிட்டால் பின்னல் படியாது, கையையும் அறுக்கும். கத்திக்குச் செலவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பின்னலுக்குள் வாரை நுழைக்க வழி திறக்கும் குத்தூசியின் முனை மழுங்கியே இருக்கட்டும். கூராக இருந்தால் வாரைக் கிழித்துவிடும்.

பின்னியதை வீணாக்க வேண்டாம். நனைத்துப் பிரித்து, பதம் பார்த்துத் திரும்பப் பின்னுங்கள். முடித்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே உருட்டி, நிழலில் காயவிடுங்கள். எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், பச்சைத் தோல் தொளதொளத்துப் போகும். கை பழக வேண்டுமென்றால் நாற்காலி இருக்கை பின்னப் பயன்படும் ரீம்பி என்ற தோல் வாரில் பழகுங்கள். ஆனால் குதிரை வாயோடு சேரும் வாரை நல்ல மாட்டுத் தோலில், நீங்களே ஒரே அகலமாக வெட்டியெடுங்கள்.